இரும்புத் தொப்பி வீரம்

சான் ஹோசேயில் நாங்கள் இருந்தபோது, அந்தக் காலத்தில் அமெரிக்காவைப் பிடிக்க வந்த ஸ்பானியச் சிப்பாய்களைப் பற்றி மகள் வகுப்பின் முன் நின்று பேச வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் வாயே திறக்காத பெண். இந்த ஒன்றையாவது பேசிவிட்டால் போதும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

என் வீட்டுக்காரருக்கோ அது பிள்ளையின் பாடமாகவே தெரியவில்லை, ஆபீஸ் ப்ராஜெக்ட்! ஒரு வாரம் கராஜே கதி. அட்டையில் வாள், ஈட்டி, அலுமினியத் தாள் சுற்றிய மார்புக் கவசம், படகைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. பேச்சையும் அவரே டைப் செய்துவிட்டார்: சில நூறு வீரர்கள் ஒரு பேரரசையே சாய்த்த கதை.

வீரமாம், வீரம்! மகள் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த புத்தகத்தை நானும் புரட்டினேன். கல் பதித்த மரக்கட்டை ஏந்தியவர்கள் மேல் எஃகு வாளோடு குதிரையை விட்டு ஏற்றியிருக்கிறார்கள். துப்பாக்கியால் ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து திணிப்பதற்குள் விடிந்துவிடும். வெயிலில் இரும்பு தாங்காமல் அந்த ஊர்க்காரர்களின் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையையே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இந்தச் சிப்பாய்களோடு கூட நின்று சண்டை போட்டுச் செத்தது ஆயிரக்கணக்கான உள்ளூர் ஆட்கள்; பெயர் இவர்களுக்கு. போதாததற்கு, மனிதர்களைக் கடித்துக் குதறப் பழக்கிய நாய்கள் வேறு! அந்தப் படத்தைப் பார்த்த மகள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இதைத்தான் பேசுவேன் என்று ஆங்கிலத்தில் அடம்பிடித்தாள்.

"நாயெல்லாம் எதுக்கு? நெகடிவா இருக்கும். டீச்சர் மார்க்கை கட் பண்ணிடுவாங்க."

"பேசப்போறது அவளா, நீங்களா?"

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

ஆமாம், இவர் பெரிய தளபதி.

பேசும் நாளன்று பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். தொப்பி இறங்கி மகளின் கண்ணை மறைத்தது. முதல் வரியிலேயே திக்கினாள். இவர் பின்வரிசையிலிருந்து வாயசைத்து எடுத்துக்கொடுக்கிறார்! அவள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அப்பா கொடுத்த தாளையும் வைத்தாள். நாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

அவர்கள் தைரியசாலிகள்தானே என்று வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். "தைரியம் இருந்தால் நாய் எதற்கு?" என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று பதில் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும்போது அவர் காரை ஓட்ட, நான் மகளோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவள் கை சில்லிட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, நான் பேசினேன். கேட்டீங்களா?" என்றாள்.

"ஃப்ரீவேல இன்னைக்கு ரொம்ப டிராஃபிக்" என்றார் அந்த மனுஷர், கண்ணாடியில்கூட அவளைப் பார்க்காமல்.