கேமராவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தாள். ஸ்கூட்டருக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் மகளின் லேப்டாப் முன்னால் நின்றதும் மகள் பதறிவிட்டாள். "அம்மா, மேல கேமரா இருக்கு. அங்க வச்சிராத." மனைவி ஒரு கணம் யோசித்துவிட்டு, மூடியின் முதுகில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஈரச் சந்தனமும் குங்குமமும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும், உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் கோயில் ஞாபகம் வரும். எனக்கோ மதுரை காளவாசலில் ஒரு மாடிப்படி, ஏ.சி.யின் ஈர வாடை, ஸ்பாஞ்சு உதிர்ந்த ஹெட்போன் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். சாமி மன்னிக்கட்டும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்போது என் உத்தியோகத்துக்கு ஊர் வைத்திருந்த பெயர் 'சிஸ்டம் பார்க்கிற தம்பி'. பைக்குள் ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பழைய டூத் பிரஷ், நாலைந்து சி.டி., ஓர் அழிரப்பர். அழிரப்பர் எதற்கு என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் பீப் பீப் என்று கத்தினால், உள்ளே இருக்கும் ரேம் என்கிற சின்ன அட்டையைக் கழற்றி அதன் பல்வரிசையை அழிரப்பரால் நன்றாகத் தேய்த்துத் திரும்பச் செருகினால் போதும், முக்கால்வாசி எழுந்துவிடும். ஆனால் வீட்டுக்காரர் பார்க்க அழிரப்பரைக் கையில் எடுத்தால் மரியாதை போச்சு. அதனால் குடிக்கத் தண்ணீர் கேட்டு அவரை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் தேய்ப்பேன். மதுரையில் நான் குடித்த தண்ணீரில் பாதி அப்படிக் குடித்ததுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த பழுதுகளில் பல, மிஷினை அலட்சியமாக வைத்திருந்ததால் வந்தவை அல்ல. மரியாதை கூடிப்போனதால் வந்தவை. கே.கே. நகரில் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் வீட்டு கம்ப்யூட்டர் அரை மணிக்கு ஒரு தரம் தானாக அணைந்துவிடும். போய்ப் பார்த்தால், அவர் வீட்டம்மா சி.பி.யு.வுக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார், கழுத்தில் சுருக்கு நாடாவோடு. ஓடும்போதும் அதைக் கழற்றுவதில்லை. மூச்சுமுட்டிச் சூடேறி அது அணைந்துகொண்டிருந்தது. உறையைக் கழற்றச் சொன்னதற்கு அந்த அம்மா, "தூசி பட்டுருமே தம்பி" என்று என்னைப் பார்த்த பார்வை, பச்சைப் பிள்ளையை வெயிலில் போடச் சொன்னவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

சரி, மாடிப்படிக்கு வருகிறேன். காளவாசலில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே கோபிநாத் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வெளி வேலை இல்லாத நேரமெல்லாம் நான் அங்கேதான். அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்வார்கள். சண்டையும் அதிலேயே நடப்பதால் கஸ்டமர்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. அண்ணனுக்கு ஊரில் எல்லாரும் 'மாப்ள'. வரி வசூலிக்க வந்தவரையே "வாங்க மாப்ள" என்று உட்காரவைத்த மனிதர். பிளைவுட் தடுப்புப் போட்ட சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் பாதி உயரத்துக்கு ஒரு திரை. கடைசி அறையில் மட்டும் வெப்கேமரா. கோலிக்குண்டைப் பெரிதாக்கினது மாதிரி உருண்டையாக, நடுவில் கண்ணோடு, மானிட்டர் தலைமேல் உட்கார்ந்திருக்கும். மகன் வெளிநாட்டில், மருமகள் வெளிநாட்டில் என்று வருகிறவர்கள் எல்லாம் அந்த அறைக்குத்தான் காத்துக்கிடப்பார்கள்.

ஆயுத பூஜை அன்று மிஷின்களுக்கு ஓய்வு. அக்கா குளித்து முழுகி வந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துப் பூப்போடுவார். மறுநாள் விஜயதசமிக்குப் பூஜை பிரித்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அது தானாக உதிரும்வரை இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம்.

அந்த வருடம் விஜயதசமியின் முதல் போணியே ஒரு பெண் பார்க்கும் சடங்கு. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம். அப்பா, தாய்மாமன், ஓர் அத்தை, இடம் கொண்டுவந்த தரகர், நடுவில் அந்தப் பெண். மாப்பிள்ளை சிங்கப்பூரில். லீவு கிடைக்கவில்லை, நாளோ நல்ல நாள், அதனால் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று ஒரு நாள்தான் அவர் வேறு யாரையும் மாப்ள என்று கூப்பிடாமல் நாக்கைக் கட்டிக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். பின்னால் மற்றவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மாப்பிள்ளை திரையில் வந்தார். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரத்தில், விட்டுவிட்டு அசைகிற முகம். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். குரலும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவருக்கு இங்கே ஒன்றும் தெரியவில்லையாம். "ஒரே செவப்பா இருக்குங்கிறாரு" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

என் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். வயரை வேறு துளையில் மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தேன். அண்ணன் டேபிள் லேம்ப் கொண்டுவந்து பெண்ணின் முகத்தில் அடித்தார். சிவப்பு கொஞ்சம் வெளிறியதே தவிர முகம் வரவில்லை. மறுபடி ரீஸ்டார்ட். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை மறைந்து மறைந்து வந்தார். அத்தைக்குக் கால் கடுத்தது. தாய்மாமன் சகுனம் பற்றி ஏதோ முனக ஆரம்பித்தார். அக்கா நிலைமையைப் புரிந்துகொண்டு, பூஜைப் பொரியும் சுண்டலும் எடுத்துவைத்து எல்லாரையும் முன்னறைக்குக் கூட்டிப்போனார். தம்பி சரிபண்ணிட்டுக் கூப்பிடுவான் என்றார். அறையில் நானும் அந்தப் பெண்ணும் திரையில் மாப்பிள்ளையும் மட்டும் மிஞ்சினோம்.

மேஜைக்கு அடியில் புகுந்து வயரைப் பார்த்துவிட்டு எழுந்தபோதுதான் என் கண்ணும் கேமராவின் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன. கண்ணின் மேல் கச்சிதமாக, வட்டமாக, காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. உருண்டையாக ஒரு சாமான், நடுவில் அழகாக ஒரு வட்டம், நெற்றி என்று வேறு எதை நினைப்பார்? இதற்குப் போய் நான் டிரைவர் மாற்றியிருக்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கைக்குட்டையை எடுத்தேன்.

அந்தப் பெண் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். "அண்ணே, செத்த நேரம் அப்படியே இருக்கட்டும்."

எனக்குப் புரியவில்லை.

"வந்து உக்காந்ததுமே பாத்துட்டேன். என் மொகத்தப் பாத்துட்டா புடிச்சிருக்கு, புடிக்கலன்னு அதோட பேச்சு முடிஞ்சிரும்ணே. அப்புறம் நான் கேக்குறதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாக. எனக்கு ஒண்ணு கேக்கணும்."

கைக்குட்டையோடு அப்படியே நின்றேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. என் கூடப்பிறந்த அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நான் கேசரித் தட்டு தூக்கியிருக்கிறேன். காபி கொடுத்தாள், விழுந்து கும்பிட்டாள், உள்ளே போனாள். அவளுக்கும் கேட்பதற்கு ஒன்று இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்கு வரை தோன்றியதே இல்லை.

வெளியிலிருந்து தாய்மாமன், "என்ன தம்பி, ஆச்சா?" என்றார். "ஆகிட்டே இருக்குண்ணே" என்று குரல் கொடுத்துவிட்டு, தேவையே இல்லாத ஜன்னல்களை எல்லாம் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மவுஸ் சத்தம் வெளியே கேட்க வேண்டுமே.

அவள் கேட்டது கொஞ்சம்தான். அவர் சொன்னது என் காதில் விழவில்லை. கேள்வி போய்ச்சேர்ந்து பதில் வருவதற்கு அந்தக் காலத்தில் ஓர் இடைவெளி உண்டு. அவளுக்கு அது எப்படி இருந்திருக்குமோ, நான் அதற்குள் நாலு ஜன்னலைத் திறந்து மூடிவிடுவேன். சிங்கப்பூரில் வீடு பார்த்துவிட்டதாகத் தரகர் சொன்னாரே, எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார், ஏதோ சொன்னார். "அப்ப நான் எங்க இருக்கணும்?" என்றாள். பதில் வந்தது. "எத்தன வருசத்துக்கு?" என்றாள். அதற்கு வந்த பதில் நீளமாக இருந்தது. திரையில் அவர் கையை விரித்து ஏதோ விளக்குவது விட்டுவிட்டுத் தெரிந்தது. பொய் சொல்கிற முகமாக எனக்குப் படவில்லை. அவளும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பெண் பார்க்கும் நாளில் ஒரு பெண் தலை குனியாமல், தன்னை யாரும் பார்க்காமல், மாப்பிள்ளையை அவ்வளவு நேரம் பார்த்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

கடைசியில், "உள்ளதச் சொன்னீங்களே, சந்தோசம்" என்றாள். பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்பத் தொடைங்கண்ணே. பாவம், அவரும் பாக்கட்டும்."

எச்சில் தொட்டுத் துடைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுகியிருந்தது. துடைத்ததும் படம் பளிச்சென்று வந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரித்தார். பொரித் தட்டுகளோடு எல்லாரும் ஓடிவந்தார்கள். பையன் சிரிக்கிறான், பிடித்துவிட்டது என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் எழுந்து, ஹெட்போனைக் கழற்றித் தன் அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, கூட்டிட்டுப் போவாரான்னு நீங்களே ஒருக்கா கேளுங்க."

தரகர் அதெல்லாம் பேசியாச்சு என்று குறுக்கே வந்தார். அப்பா அவரைப் பொருட்படுத்தவில்லை. ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டார், மைக் பிடரியில் கிடந்தது. நான் திருப்பிவிட்டேன். சிங்கப்பூருக்கு இங்கிருந்தே கேட்க வேண்டும் என்பதுபோல உரக்கக் கேட்டார்.

"தம்பி, எம்புள்ளய அங்கிட்டுக் கூட்டிப் போவீகளா, இல்ல இங்கனயே விட்ருவீகளா?"

நாங்கள் எல்லாரும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்துகொண்டிருந்தது. அவர் தலை மெதுவாக அசைந்தது. குடும்பத்தைக் கூட்டிப்போக அந்த வேலைக்கு அனுமதியே கிடையாதாம். படுத்த படுக்கையாக இருக்கும் மாப்பிள்ளையின் அம்மாவை இங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளச் சம்மதம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டதாகத் தரகர் மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தாராம். இதெல்லாம் பிறகு படியிறங்கும்போது அவர்கள் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் அப்பா சொன்னது இவ்வளவுதான்:

"சரிப்பா. ஒடம்பப் பாத்துக்க."

ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இத அமத்திருங்க தம்பி."

தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா மகளின் தலையில் கையை வைத்து, "நட, பஸ்ஸு போயிரும்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அக்கா வாசலில் அந்தப் பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்து, ஒரு பையில் பொரியும் கட்டிக்கொடுத்தார். பெண் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் படி இறங்கியதும் அக்கா கேமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெசயதசமி அன்னைக்கு எவனாச்சும் பொட்ட அழிப்பானா? அதான் எடம் தட்டிப்போச்சு."

அந்தப் பெண்ணின் காரியம் அவளோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா புதிதாக ஒரு பொட்டு வைத்தார், இந்தத் தடவை கண்ணுக்கு மேலே. அதற்குப் பிறகு யார் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தாலும், "அவன மட்டும் பக்கத்துல விடாதீக" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார். பல வருடம் ஓடியது அந்தக் கேலி.

இப்போது மருந்துக் கடைக்கு மேலே செல்போன் கவர் விற்கிறார்கள். அண்ணன் தன் மகனோடு வெளியூர் போய்விட்டார். அன்று சிங்கப்பூரோடு பேசவைத்த மெசஞ்சர் சேவையையே மூடிவிட்டார்கள். கேமரா கண்ணாடியில் பொட்டு ஒட்டிக்கொண்டால் மகளே மெல்லிய துணியால் துடைத்துவிடுகிறாள், சிஸ்டம் பார்க்கிற தம்பி யாருக்கும் வேண்டியதில்லை. சிங்கப்பூர் முகம் பக்கத்து அறையில் இருப்பதுபோலத் தெரிகிறது, கேட்டதும் பதில் வந்துவிடுகிறது.

நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். பெங்களூரில் ஓர் இடம் இருக்கிறதாம், பையன் போட்டோ வந்திருக்கிறதாம், நம் பெண்ணின் போட்டோவும் போய்விட்டதாம், அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். போனை என் பக்கம் தள்ளினாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"உனக்கு அவங்ககிட்ட என்னம்மா கேக்கணும்?" என்றேன்.