பாம்புக்குக் குளிரக்கூடாது

அண்ணா வீட்டைவிட்டுப் போனபோது உடுப்புகளைத் தன்னோடு கொண்டுபோனான். பாம்பை என்னிடம் விட்டுப்போனான்.

மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் இருந்த காலம் அது. படிப்பை விட்டுவிட்டு டொரொன்டோவுக்கு வேலைக்குப் போகிறேன் என்றான் அண்ணா. போனால் திரும்பி இந்தப் படி ஏறாதே என்றார் அப்பா. அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்றார்.

பாம்பு செம்மஞ்சள் நிறம், விஷமில்லாதது, என் பெருவிரல் தடிப்புத்தான் இருக்கும். அண்ணாவோடு படித்த ஒருவன் ஊர் மாறும்போது கொடுத்தது. கண்ணாடித் தொட்டியின் ஒரு பக்கம் முப்பது பாகை சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருக்கவேண்டும், சூடு குறைந்தால் அது தின்றது செரிக்காது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தான். கடையில் விற்கும் சூட்டுத் தட்டு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவன் விட்டுப்போனது ஒரு மேசை விளக்கும் ஒரு வெப்பமானியும்தான்.

முதல் பனி விழுந்ததும் வெப்பமானி இறங்கத் தொடங்கியது. பாம்பு சுருண்டுபோய் அசையாமல் கிடந்தது. நான் தொட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். அதுவரை அந்த மூலைப் பக்கமே திரும்பிப் பார்க்காத அம்மா வந்து நின்றார்.

"சன்னலடியில வைச்சா விறைக்கும்தானே" என்றார்.

தொட்டியை உள்சுவரோரம் நகர்த்தினோம். அம்மா ஜான்-டலோன் சந்தையில் மீன் விற்பவரிடம் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, வெட்டி, தொட்டியின் மூன்று பக்கமும் ஒட்டினார். விளக்குப் படாத பக்கத்து மூடிமேல் பழைய போர்வையை மடித்துப் போட்டார். விளக்கை ஏற்றி இறக்கி, முப்பதில் நிற்கும்வரை விடவில்லை. தனக்கு இந்த வீட்டில் இப்படி ஒரு கவனிப்பு நடந்ததில்லை என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

ஞாயிறுகளில் அப்பா வேலைக்குப் போனபிறகு அண்ணா டொரொன்டோவிலிருந்து தொலைபேசி எடுப்பான். என்னோடு மட்டும்தான் கதைப்பான்.

"பாம்புக்குச் சூடு எவ்வளவு?"

அம்மா பக்கத்தில் நின்று, "இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் இருபத்துநாலு எண்டு சொல்லு" என்பார். நான் சொல்வேன். "அவன் சாப்பிட்டவனோ எண்டு கேள்" என்பார். பாம்புதான் போன கிழமையே சாப்பிட்டுவிட்டதே என்று எனக்கு எரிச்சல் வரும்.

தை மாதம் ஒரு பனிப்புயலில் மத்தியானமே மின்சாரம் நின்றது. வீடு மெல்லமெல்லக் குளிர்ந்தது. குழாயில் மிச்சமிருந்த சுடுதண்ணீரைப் போத்தல்களில் பிடித்துத் துவாயால் சுற்றித் தொட்டிக்குள் வைத்தார் அம்மா. அதுவும் ஆறிப்போனது. பிறகு ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் கையாலேயே பாம்பைத் தூக்கி அதற்குள் விட்டார். உறையின் வாயைக் கட்டி, சுவெட்டருக்கும் குளிர்ச்சட்டைக்கும் நடுவில் வைத்து அணைத்துக்கொண்டார். பொழுதுபட்டு மின்சாரம் திரும்பி வரும்வரை கதிரையைவிட்டு எழும்பவில்லை.

"தொட அரியண்டமா இல்லையோ அம்மா?"

"சத்தம் போடாத. இப்பதான் அசையுது."

பனி கரைந்தபிறகு ஒருநாள் அண்ணா கார் கொண்டுவந்தான். மேலே ஏறவில்லை. பாம்பைப் பெட்டியில் வைத்து அம்மாவே கீழே கொண்டுபோனார். பனிப்புயலன்று நடந்ததை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணா அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களோ தூக்கினீங்கள்?"

"ஓம். நீ மெலிஞ்சு போனாய்."

அவன் பெட்டியை வாங்கி முன் இருக்கையில் வைத்தான். காரின் ஹீட்டரைப் போட்டான். "வாறன் அம்மா" என்றான்.

கார் திரும்பி மறைந்தபிறகும் அம்மா வெளிப்படிக்கட்டில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் இருந்து, அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"அழாதேங்கோ அம்மா. அப்பாவைக் கேட்டு வேற ஒரு பாம்பு வாங்குவம்."