முதல் தடவை சொல்லும் எண்

எங்கள் கட்டடத்தில் கீழே என் ஜெராக்ஸ் கடை, மேலே சதவீதம் சாரின் அறை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வாசல் பலகையில் எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. "சதவீதம் சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். நானும் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் விரலை மட்டும் மேலே காட்டுவேன்.

அவர் வேலை என்னவென்றால், பிள்ளைக்கு 'அங்கே' இடம் கிடைக்குமா என்று சொல்வது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எங்கள் தெருவில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. அங்கே என்றால் அதுதான். விண்ணப்பங்கள் மலைபோல, உள்ளே போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. சார் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்க்கைப் பிரிவில் இருந்தவர். பிள்ளையின் மதிப்பெண், மாதிரித் தேர்வில் எடுத்தது, எழுதிப் பார்த்த கட்டுரை, ஓட்டம் பாட்டு என்று ஏதாவது இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அப்புறம் ஒரு எண் வரும். பன்னிரண்டு சதவீதம். ஏழு. இருபது. அந்த ஒற்றை எண்ணைக் கேட்கத்தான் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வருகிறார்கள். படி இறங்கும்போது முகத்தைப் பார்த்தே எண் என்னவென்று நான் சொல்லிவிடுவேன்.

இதில் அவருக்கு ஒரு தொழில் முறை உண்டு. ஒருநாள் அவரே சொன்னார்.

"எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையா இருந்தாலும் முதல் தடவை குறைச்சுத்தாம்மா சொல்வேன். உள்ளதைச் சொன்னா காலை நீட்டிப் படுத்துடுவாங்க. பயந்தாத்தான் படிப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வருவாங்கல்ல, அப்ப நிஜ எண்ணைச் சொல்வேன்."

"திரும்ப வரலைன்னா?"

"வராம எங்கம்மா போகப்போறாங்க?"

அதுவும் சரிதான். திட்டிக்கொண்டே இறங்கிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

அவருக்கு ஒரே மகள். மனைவி, குழந்தை சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். சாருக்கு எண்ணைத் தவிர வேறு பேச்சு வராது. நாலு பேர் கூடுகிற இடத்தில் சுவரைப் பார்த்து நிற்கிற ஆள். மகளோ அதற்கும் சேர்த்து வாயாடி. பள்ளி விட்டு வந்ததும் என் கடையில் காகிதக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எந்த ஆசிரியர் தூங்கினார், எவள் எவளோடு காய் விட்டாள் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். பிறகு அதே கதைகளை உப்புக் காரம் சேர்த்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். அவர் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்தப் பெண் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

அவளுக்கு நிலநடுக்கம் பற்றிப் படிக்க ஆசை. "பூமி ஏன் ஆடுதுன்னு கண்டுபிடிக்கணும்க்கா" என்பாள். முதலில் என் மெஷின் ஏன் ஆடுகிறதென்று கண்டுபிடிடி என்பேன் நான். அந்தப் படிப்பை அங்கேதான் உருப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அது இருப்பதோ ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போகவேண்டிய தூரத்தில்.

கடைசி வருடம் தொடங்கியதும் ஒருநாள் மதியம் மேலே போய், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "சார், என் சான்ஸ் எவ்வளவு சார்?" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டாகத்தான். ஆனால் மதிப்பெண்களையெல்லாம் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாள். அவரும் எல்லாரிடமும் போலக் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, எண்ணைச் சொன்னார்.

கீழே வந்தாள். "ஆறுக்கா" என்றாள். காகிதக் கட்டின் மேல் ஏறவில்லை.

அவர் வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. வாய்ப் பழக்கம். அந்த நாற்காலியில் முதல் தடவை யார் உட்கார்ந்தாலும் அவர் வாயில் குறைச்சல் எண்தான் வரும். ஆனால் ஊரார் அவரைச் சந்தேகப்பட்டார்கள், அதனால் திரும்பி வந்து கேட்டார்கள். இவள் அவரை நம்பினாள். நம்பியவள் எதற்குத் திரும்பிப் போய்க் கேட்கப் போகிறாள்? புத்தகங்களை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாள். பக்கத்துக் கல்லூரியிலேயே ஏதாவது படித்துக்கொள்கிறேன் என்றாள். சாயங்காலங்களில் என் கடையில் ஸ்பைரல் போட வந்து நின்றாள்.

இது அவர் கண்ணில் படாமல் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற மனிதர், பரணைப் பார்க்காமலா இருப்பார்? நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளும் போய்விட்டது என்று தெரிந்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை.

"சார், பொண்ணு பரீட்சைக்குப் பதியவே இல்லையாமே?"

"அவ இஷ்டம்மா" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்பாவும் மகளும் வழக்கம்போலச் சேர்ந்து நடந்து போனார்கள். அவள் ஏதோ சொல்ல, அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார். இவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் சிரிக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

சில வாரம் கழித்து, ஒரு வாடிக்கையாளருக்கான நகல்களை அவளிடம் கொடுத்து மேலே அனுப்பினேன். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். மேலே அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு, உள்ளே பேசுவது கீழே என் கடை வரைக்கும் கேட்கும். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் அந்தப் படிக்கட்டில் ஒட்டுக்கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். உள்ளே சார் ஒரு தாயாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "போன தடவை சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா. முதல் தடவை எல்லாருக்குமே குறைச்சுத்தான் சொல்றது. நிஜத்துல உங்க பையனுக்குப் பதினெட்டு."

அந்த அம்மாள் சந்தோஷமாக இறங்கிப் போனாள். நகல்களை வாங்கிக்கொண்டு போகக்கூட மறந்துவிட்டாள். அதைச் சாக்காக வைத்து நான் படியேறினேன். பாதிப் படியிலேயே கால் நின்றுவிட்டது.

"எனக்குச் சொன்னது எந்தத் தடவை எண்ணுப்பா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"முதல் தடவை."

"ரெண்டாவது தடவை வந்திருந்தா?"

"முப்பது. முப்பதுக்கு மேலயும் சொல்லியிருப்பேன்."

அந்த அறையில் முப்பது என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நான் வரலைன்னு தெரியும்ல? கடைசி நாள் வரைக்கும் தெரியும்ல? ஏம்ப்பா கூப்பிடல?"

"கூப்பிடணும்னுதான் தினமும் நினைச்சேன்." என்றார். "நீ போயிட்டா நான் அந்த வீட்டுல யார்கிட்டம்மா பேசுவேன்?"

அவள் அழுதால் நன்றாக இருந்திருக்கும். சத்தம் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தாண்டி இறங்கி, கடை வாசலைத் தாண்டி, தனியாக வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அடுத்த ஒரு வருடம் அவள் வீட்டில்தான் இருந்தாள். கல்லூரியில் சேரவில்லை. பரண்மேல் இருந்ததை இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். ஆக, சார் ஆசைப்பட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது: மகள் கூடவே இருந்தாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்." "சாவி ஜன்னல்ல இருக்கு." இவ்வளவுதான் பேச்சு. என்னிடம் மட்டும் எப்போதாவது வந்து பழையபடி பேசுவாள், அதிலும் அப்பா என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்வாள்.

அவர் முதல் தடவையே உண்மையான எண்ணைச் சொல்லத் தொடங்கினார். ஜனங்கள் கேட்டுக்கொண்டு போனார்கள், திரும்பி வரவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. அறை காலியாகக் கிடந்தது. கீழே இறங்கி வந்து என் மெஷின் பக்கத்தில் நிற்பார். "ஏதாவது எடுக்கணுமா சார்?" என்றால், பாக்கெட்டில் துழாவி அடையாள அட்டையை நீட்டுவார். அடிக்கடி அதே அட்டை. ஒரு மனிதனுக்கு எத்தனை அடையாள அட்டை நகல்தான் தேவைப்படும்? மெஷின் சூடாகிற வரைக்கும் நாலு வார்த்தை பேசலாமே என்றுதான் வந்து நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் மெஷினை மெதுவாகத்தான் சூடாக்குவேன்.

அவள் தேர்வு எழுதினாள். தனக்கு எவ்வளவு என்று யாரிடமும் கேட்கவில்லை. அங்கே இடம் கிடைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "மேலே போய்ச் சொல்லுடி" என்றேன். "நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றாள். போய்ச் சொன்னேன். சார் எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

கிளம்பும் நாள் பேருந்து நிறுத்தம் வரைக்கும் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து நின்றேன். காலை வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் பெட்டியைக் கீழே வைக்காமல், இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தார்.

"போனதும் ஒரு போன் பண்ணும்மா" என்றார்.

அவள் அவரை நேராகப் பார்த்தாள். அந்த வருடத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"போன வருஷமே போயிருந்தேன்னா, தினமும் பண்ணியிருப்பேன்ப்பா."

பேருந்து வந்தது. பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. எனக்குக் கை காட்டினாள். அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

பேருந்து திரும்பி மறைந்த பிறகும் அவர் நகரவில்லை. கடையில் யாரோ ஷட்டரைத் தட்டிக் கூப்பிட்டார்கள். "வாங்க சார், போலாம்" என்றேன்.

"தினமும் பண்ணியிருப்பாளாம்மா" என்றார் சார்.