டி-செல் சாரும் படுக்காத எலியும்

"எத்தனை எலி நோயில படுத்துச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டேதான் டி-செல் சார் காலையில் எலிக்கூடத்துக்குள் நுழைவார். "எல்லாம் படுத்தாச்சு சார்" என்று ஆய்வு மாணவி சொல்லிவிட்டால், பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட தகப்பனாக முகம் மலர்ந்துவிடும்.

மலேரியாவிலிருந்து உடலைக் காப்பவை டி-செல்கள் என்னும் வெள்ளணுக்கள் மட்டுமே என்பது அவர் கட்சி. அவற்றை அவர் "நம்ம பசங்க" என்றுதான் சொல்வார். ஒருமுறை மச்சினன் தும்மியபோது, "உன் பசங்க தூங்குறாங்கப்பா" என்று கண்டித்தார். இன்னும் கல்யாணமே ஆகாத மச்சினன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளோ, அவர் கணக்கில், "சும்மா ரத்தத்துல மிதந்துக்கிட்டே பேர் வாங்குற கோஷ்டி." ஆன்டிபாடியை ஆராயும் பக்கத்து அறைப் பேராசிரியர் வராந்தாவில் எதிர்ப்பட்டால், சாருக்கு உடனே ஷூ கயிறு அவிழ்ந்துவிடும், குனிந்தவர், அவர் கடந்துபோன பிறகே நிமிர்வார்.

இம்முறை எல்லா எலிகளுக்கும் வீரியம் குறைத்த கிருமியைத் தடுப்பூசியாகப் போட்டார். பிறகு ஒரு வரிசை எலிகளுக்கு மட்டும் மருந்து கொடுத்து டி-செல்களை நீக்கினார். கடைசியில் எல்லாவற்றுக்கும் வீரியம் குறையாத கிருமியை ஏற்றினார். பசங்களை இழந்த வரிசை முழுவதும் நோயில் விழவேண்டும். விழுந்தது, காது கிழிந்த ஒரு எலியைத் தவிர. அது தின்றது, திரிந்தது, சக்கரத்தில் ஓடியது.

"எந்தத் தைரியத்துலடா உனக்கு இந்த ஆட்டம்?" என்று கூண்டுக்கு முன் நின்று அதட்டினார். மருந்து சரியாக வேலை செய்யவில்லையோ என்று மாணவியைக் கேட்டார்.

"சோதிச்சுட்டேன் சார். பசங்க ஒருத்தர்கூட மிச்சமில்ல."

"அப்ப எப்படிம்மா நல்லா இருக்கு?"

"ஆன்டிபாடியா இருக்குமோ சார்?"

அந்த அறையில் அப்படியொரு சொல்லை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. 'ஒன்றுகூடத் தப்பவில்லை' என்று அவருடைய உரைச்சுருக்கம் அச்சேறிவிட்டது. முன்வரிசையில் உட்காரப்போகிறவரோ பக்கத்து அறைக்காரர்.

மனைவி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "என்னங்க, எலி நல்லா இருக்குன்னு நீங்க ஏன் பட்டினி கிடக்கிறீங்க? அதுவாவது சாப்பிடுதுல்ல?"

"அது சாப்பிடுறதுதான் பிரச்சினையே!"

வியாழக்கிழமை மாணவி, கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அந்த எலியின் வால்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமிட்டு வைத்தாள். சார் நுண்ணோக்கியில் குனிந்தார். சிவப்பணுக்கள் துடைத்துவைத்த தட்டுகளைப்போல வரிசையாகக் கிடந்தன. தகட்டை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். ஓரத்தில் ஒரு அணுவின்மேல் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி.

"கிருமி வந்துட்டான் பாத்தியா!" அவர் குரல் தழுதழுத்தது.

மாணவி பார்த்தாள். நுண்ணோக்கியின் குவியக் குமிழைக் கொஞ்சம் திருகினாள். "இது சாயத்தூள் சார். அணுவுக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கு. குமிழைத் திருகினா அணு மங்குது, புள்ளி மட்டும் தெளிவாத் தெரியுது. கிருமின்னா உள்ள இருக்கும். ரெண்டும் சேர்ந்தே மங்கும்."

சார் அவளை நகரச் சொல்லி உட்கார்ந்தார். குமிழை முன்னும் பின்னும் திருகி, அணுவும் புள்ளியும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, குமிழை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு, "இப்பப் பாரும்மா" என்றார்.