என்னவே ஆண்டவரே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் குடும்பத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் பொன்னெழுத்தில் 'ஜெப நாட்குறிப்பு' என்று போட்டிருந்தது. மற்றவர்கள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதன் முதுகை மூக்கில் வைத்து முகர்ந்தேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள். இருபது வருஷம் பைண்டிங் கடையில் கிடந்தவனுக்கு வேறென்ன புத்தி வரும்? நூல் தையல் இல்லை. மைதாப் பசையின் வாசனையும் இல்லை.

மைதாப் பசை என்றால் சும்மா மாவைக் கிண்டுவதல்ல. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவோம். அந்த நீலம் நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்கும் போகாது. பாளையங்கோட்டையில் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீல விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் உட்காருவேன். விரலை மறைக்கலாம். வாயை எங்கே மறைப்பது?

அந்தக் கூட்டத்தில் சங்கிலி ஜெபம் உண்டு. வட்டமாகப் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்க வேண்டும். எல்லாருக்கும் 'கிருபையும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே' என்று தண்ணீர் மாதிரி வரும். என்னிடம் வந்ததும் சங்கிலி அறுந்துவிடும். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காப்பாற்றியது என் அக்கா. நாங்கள் இருவரும் ஏரலிலிருந்து பிழைக்க வந்து ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவள் தையல் வேலை பார்த்தாள். கூட்டத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். தன் ஜெபத்தை முடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்து, குரலைத் தடிமனாக்கி என் முறையையும் அவளே முடித்துவிடுவாள். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவள் நினைப்பு. அத்தனை பேருக்கும் தெரியும். கூட்டத்தை நடத்தும் உபதேசியார் மட்டும் ஒருநாள் என்னிடம், "ஒனக்கு இந்த வாரம் சளி பிடிச்சிருக்காலே? கொரலு ஒரு மாதிரி இருந்துச்சே," என்றார்.

வெட்கம் தாங்காமல்தான் எழுத ஆரம்பித்தேன். கடையில் கோடு சரியாக விழாத தாள்களை ஒதுக்கிப் போடுவார்கள். அவற்றை மடித்துத் தைத்து ஒரு நோட்டு செய்துகொண்டேன். கோடு கோணல், ஜெபமும் கோணல். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதில் எழுதுவேன். கடை முதலாளி பார்த்துவிட்டார்.

"யாருக்குலே கடுதாசி?"

"ஆண்டவருக்கு, அண்ணாச்சி."

"பதில் போட்டாரா?"

"இன்னும் இல்ல."

"வெலாசம் சரியா எழுதுனியான்னு பாருலே."

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு எழுதினேன்.

கடிதம் என்றால் ஆளைக் கூப்பிட வேண்டுமே. 'பரம பிதாவே' என்று தொடங்கினால் அடுத்த வரி வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தத் தமிழ் இரவல் சட்டை மாதிரி. ஒருநாள் என்னை அறியாமல் 'என்னவே ஆண்டவரே' என்று எழுதிவிட்டேன். பிறகு பேனா நிற்கவில்லை. வேலை, வாடகை, முதலாளியின் நக்கல், எல்லாம் வந்து விழுந்தது. அக்கா அதைப் படித்துவிட்டாள்.

"ஏலே, ஆண்டவரைப் போயி வே போட்டிருக்கியே!"

"பெறவு எப்படிக் கூப்பிட?"

நோட்டை என் மடியில் போட்டாள். "சரி, எழுது. என்னைக்காவது எனக்கு முடியாமப் போச்சுன்னா, எனக்கும் சேத்து நீதான் ஜெபிக்கணும், பாத்துக்கோ."

அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. முதலில் கண்ணில், பிறகு உடம்பெல்லாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தினமும் எழுதினேன். ஒரே விண்ணப்பம்தான்: 'அவளை எனக்கு விட்டுவையும்.' பதினெட்டு நாள் எழுதினேன். பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த வெள்ளிக்கிழமை, எங்கள் அறையிலேயே கூட்டம் வைத்தார்கள். சங்கிலி சுற்றி வந்தது. என் பக்கத்தில் அக்கா உட்காரும் இடத்தை யாரும் நிரப்பவில்லை. சங்கிலி அந்த இடத்தைத் தாண்டி என்னிடம் வந்து நின்றது. கனைத்துக்கொள்ள ஆளில்லை. நான் நோட்டை எடுத்துப் படித்தேன்.

"என்னவே ஆண்டவரே, கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டீரே. ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுனவள நீரு கூப்பிட்டுக்கிட்டீரு. இனி எனக்கு யாருவே பேசுவா?"

எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். உபதேசியாரின் முகம் சிவந்துவிட்டது.

"இதுக்குப் பேரு ஜெபமாலே? ஆண்டவர்கிட்ட பேசுத பேச்சா இது? அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு."

"கிழிக்க மாட்டேன்," என்றேன்.

அந்தக் கூட்டத்தில் நான் நோட்டைப் பார்க்காமல் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நோட்டையும் விடவில்லை.

அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் எனக்கு மூன்று நாள் கழித்து, வெட்டு மிஷின் முன்னால் நிற்கும்போது தோன்றியது. வேதத்தில் ஆண்டவரை நீர் என்றுதானே சொல்லியிருக்கிறது? எங்கள் ஊரில் நீர் என்று சொல்லுகிற ஆளைத்தான் வே போட்டும் கூப்பிடுவோம். 'லே' என்றால் சின்னவன். 'வே' என்றால் மரியாதைக்குரியவன், ஆனால் நம்ம ஆள். இதில் என்ன குற்றம்? பதில் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

அன்று கோபத்தில் பேச்சை நிறுத்தியிருந்தால் என் ஜெபம் அன்றோடு முடிந்திருக்கும். கோபத்தையும் ஆண்டவருக்கே எழுதினேன். அதனால்தான் இன்றுவரை எழுதுகிறேன். அலமாரியில் ஒரு தட்டு முழுக்க என் கோணல் கோட்டு நோட்டுகள். அன்று கிழிக்க மறுத்த பக்கமும் அங்கேதான் இருக்கிறது.

புது நாட்குறிப்பில் மூன்று கட்டங்கள்: தேதி, விண்ணப்பம், பதில் கிடைத்த தேதி. நேற்று எங்கள் சபையின் இளம் போதகர் வீட்டுக்கு வந்தார். நான் எழுதிவரும் அந்த நாட்குறிப்பைப் புரட்டினார்.

"அண்ணாச்சி, மூணாவது கட்டம் எல்லாம் காலியா இருக்கே. பதில் வரலைன்னா 'இல்லை'ன்னாவது எழுதலாமே?"

"நான் எழுத மாட்டேன் ஐயா. அது அவரு எழுத வேண்டிய கட்டம்."

இந்த முறை பதில் தாமதமாகவில்லை. எனக்கே ஆச்சரியம். போதகர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பைண்டிங் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சங்கிலி ஜெபம் இல்லை, விண்ணப்பங்கள் போனில் வருகின்றன, கும்பிடுகிற கை படத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் கடந்துவிடுகிறார்கள். என் நகக்கண்ணில் நீலம் இல்லை. முதலாளியும் உபதேசியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் 'நீங்க' என்கிறார்கள். நான் வே போட்டுப் பேச இப்போது ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

இன்று காலையும் அவருக்கு அப்படித்தான் எழுதினேன். கட்டம் போதவில்லை. மூன்றாவது கட்டத்தின் ஓரம் வரை போய், அங்கே நிறுத்திக்கொண்டேன்.