காலி பூத்தில் விழுந்த முதல் ஓட்டு

காலை ஏழு மணிக்கு மாக் போல் என்கிற சோதனை ஓட்டை முடித்து, மெஷினுக்குச் சீல் வைத்து உட்கார்ந்தோம். பதினொரு மணி வரை ஒருவரும் வரவில்லை. சின்னமனூரில் பள்ளி ஆசிரியரான எனக்கு அது, பூத்துக்குப் பொறுப்பான பிரிசைடிங் ஆபீசராக ஆறாவது தேர்தல். மலையடிவாரத்துச் சின்ன ஊர். ஓடைக்குப் பாலம் கேட்டு அலுத்துப்போய், ஊரே ஓட்டுப் போடுவதில்லை என்று கறுப்புக்கொடி கட்டியிருந்தது.

பதினொன்றரைக்கு இளவட்டங்கள் கும்பலாக வாசலுக்கு வந்தார்கள். "மெஷினத் தூக்கி ஓடையில போட்டாத்தான் புத்தி வரும்" என்றான் ஒருவன். காவலுக்கு ஒரே ஒரு கான்ஸ்டபிள்.

அப்போது திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் லூர்து மேரி, வாக்காளர் அட்டையோடு வந்தார். போன மழையில் அவர் கணவரைப் பாம்பு கடித்தபோது, ஆம்புலன்ஸ் ஓடைக்கு அக்கரையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் வடிவதற்குள் உயிர் போய்விட்டது.

"ஏலே, வெலகுங்க. ஓட்டுப் போடணும்."

"மாமாவச் சாகவிட்டவங்களுக்கா அத்தே ஓட்டு?"

"அவுகள மாத்தத்தான்டா போடுறேன். மெஷின ஒடச்சா ஒம்மேல கேசு வரும். பெறகு எல்லாரும் கேசப் பத்தித்தான் பேசுவாக. பாலத்த மறந்துருவாக."

"இம்புட்டு நாளும் போட்டு என்னத்தக் கண்டோம்?"

"ஒண்ணும் காணல. பாலத்துக்கு அளக்க வந்தாக, போனாக. அதுக்காக இருக்கிற ஒரு ஓட்டையும் விட்டுட்டு நிக்கவா?"

பையன் தலைகுனிந்து வழிவிட்டான். விரலில் மை வைக்கும்போது அந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சார், இதுனால பாலம் வருமா?"

"தெரியலம்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டு, மெஷின் இருந்த மறைப்புக்குள் போனார். பீப் சத்தம் கேட்டது.

சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. ஆனால் யாரும் மெஷினைத் தொடவில்லை. பூத்துகளைச் சுற்றிப் பார்க்க வந்த ஜோனல் ஆபீசர், "அமைதியா நடந்ததுன்னு மட்டும் பூத் டைரில எழுதுங்க சார்" என்றார். ஓடை, ஆம்புலன்ஸ், இறந்தவர் என்று முழுப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் முகம் சுளித்தார்.

பாலம் இன்னும் வரவில்லை. கிராம சபை கூடும்போதெல்லாம் லூர்து மேரி மனுவோடு போகிறார். இப்போது அந்த இளவட்டங்களும் கூடப் போகிறார்கள் என்று கேள்வி.

தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு; ஓட்டுச் சீட்டைக் கவரில் வைத்துத் தருவார்கள். அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களில் அந்தக் கவரை நான் பிரிக்கவே இல்லை. யார் வந்தாலும் இப்படித்தான் என்று சலித்துப் போயிருந்தேன். அந்த முறை வீட்டுக்கு வந்ததும் கவரைப் பிரித்து, ஓட்டைக் குறித்து, மறுநாளே தபாலில் சேர்த்தேன். ஊருக்கெல்லாம் ஓட்டு வாங்கும் வேலையில் இருந்துகொண்டு, முதலில் நம்பிக்கையை விட்டவன் நான்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.