வெளியாள்

அவரைப் பல்லக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பல் எடுப்பாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல் செட் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாயைப் பிளாஸ்டர் மாவில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் தேய்த்து மெருகேற்றுவார். வேலை முடிந்து வரும்போது புருவத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் கைவேலை" என்பார். பெருமையடிக்கிற ஆளில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அதுதான்.

எங்கள் இளைஞர் மன்றம் என் சைக்கிள் கடைக்கு நேர் மேலே, மாடியில் நடக்கிறது. வார இறுதியில் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளி முடிக்கப்போகும் வயது வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள். மேசைப் பந்து, நாடகம், கிட்டார், எப்போதாவது மலையேற்றம். நடத்துகிற எங்களுக்குச் சம்பளம் கிடையாது, பெற்றோரிடம் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். நான் சைக்கிள் மாமா. படியில் தள்ளுமுள்ளு நடக்காமல் பார்த்துக்கொள்வதும், மலைக்குப் போனால் கடைசி ஆளாக நடப்பதும் என் பொறுப்பு.

பிள்ளைகளின் பத்திரத்துக்குப் பல்லக்கா பொறுப்பு. யாரும் அவரை நியமிக்கவில்லை. அவரே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். புதிதாக ஒருவர் உதவ வந்தால், அவர் வேலை பார்த்த இடத்துக்கே போய் விசாரிப்பார். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள்கூட அப்படித் துருவ மாட்டார்கள். நீச்சல் சொல்லித் தர வந்த ஒருவர், "என்னைப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்று கோபித்துக்கொண்டு போனார். "திருடன் திருடன் மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கா அடுத்த வேலையைப் பார்த்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆரம்பிக்குமுன் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்பார். "வெளியாள் கூட?" பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி இழுப்பார்கள்: "தனியாப் போக மாட்டோம்." "வெளியாள் ரகசியம்னு சொன்னா?" "உடனே சொல்லுவோம்." எங்களுக்கும் அது மனப்பாடம். சில நாள் பஞ்சர் ஒட்டும்போது என் வாயே அதை முணுமுணுக்கும்.

யாரும் விசாரிக்காமல் உள்ளே வந்தவர் ஒருவர் உண்டு. பல்லக்காவின் தம்பி. கைபேசிக் கடையில் வேலை, நன்றாகக் கிட்டார் வாசிப்பான், பார்த்தவுடன் பிடித்துப்போகும் முகம். அப்பா போனபின் அம்மா வேலைக்குப் போக, பல்லக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். செருப்பு வார் மாட்டிவிட்டதிலிருந்து முகச்சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தது வரை அக்காதான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அவன் தலையெடுக்கட்டும்" என்று தள்ளிப்போட்டு, பிறகு அந்தப் பேச்சு வருவதே நின்றுபோனது. அவன் மாடியேறி வந்த அன்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரே வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவன் கிட்டார் அண்ணா.

சுருட்டை என்று ஒரு பெண். தலைமுடியை வைத்து வந்த பேர். பதினாலு வயது, அம்மா பேருந்து ஓட்டுநர். கிட்டார் வகுப்பை ஒரு நாள் விட மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மதியம் மாடிக்குப் போகாமல் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். கழற்றி வைத்திருந்த சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தாள். ஏதோ விரல்வலி என்றாள். தேடிக்கொண்டு பல்லக்கா இறங்கி வந்தார்.

"பல்லக்கா, ஒண்ணு சொன்னா நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

நானாக இருந்தால் சத்தியம் பண்ணியிருப்பேன். பல்லக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த வாக்கு நான் தர முடியாதும்மா. உன்னைப் பத்திரமாப் பாத்துக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லுவேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். சைக்கிள்காரர் இங்க இருக்கலாமா, வெளிய போகணுமா?"

"இருக்கட்டும்" என்றாள். சக்கரத்தை மறுபடி சுழற்றிவிட்டாள். எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். சக்கரம் நின்றபிறகு சொன்னாள். கிட்டார் அண்ணா அவளுக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புகிறான். படம் அனுப்பச் சொல்கிறான். இது நமக்குள் இருக்கட்டும் என்கிறான். போன வாரம் காரில் வீட்டில் விடுகிறேன் என்று கூட்டிப்போனவன், அவள் இறங்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழுத பிறகுதான் விட்டான்.

பல்லக்கா குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுருட்டைதான் குரல் உடைந்து சொன்னாள்:

"முன்னாடியே சொல்லிருக்கணும். ஆனா நீங்க வெளியாள்னுதானே சொன்னீங்க. அண்ணா வெளியாள் இல்லையே. உங்க தம்பிதானே."

என் கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. எத்தனை சனிக்கிழமை அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறோம், எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வாசலில் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் இருப்பவனை எண்ணாமலே விட்டிருக்கிறோம். மாமா, அண்ணா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான். அப்படிக் கூப்பிட்ட பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் வெளியாள்?

பல்லக்காவின் முகம் அவர் வார்க்கும் மாவைப் போல வெளுத்துவிட்டது. ஆனால் குரல் அசையவில்லை. "நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. தப்பாச் சொல்லிக்குடுத்தது நான். நீ சொன்னதை நான் நம்புறேன். இப்ப உன் அம்மாவைக் கூப்பிடப் போறேன், சரியா?"

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படியேறப் போனேன். அவனை நாலு சாத்து சாத்தினால்தான் மனசு ஆறும்போல இருந்தது. பல்லக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மேல போங்க. ஆனா ஒரு வார்த்தை பேசாதீங்க. அவனுக்குத் தெரிஞ்சா போன்ல இருக்கறதெல்லாம் போயிடும். அங்க பிள்ளைங்க இருக்காங்க. வகுப்பு முடியற வரைக்கும் அந்த ரூமை விட்டு நகராதீங்க."

போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் கண்ணடித்து, "என்ன மாமா, நீங்களும் கத்துக்க வந்துட்டீங்களா?" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வேறெதையும் செய்ததில்லை.

சுருட்டையின் அம்மா சீருடையோடு ஓடி வந்தார். மகளைக் கட்டிக்கொண்டு நின்றவர், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகலாம் என்று பல்லக்கா சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "உங்க தம்பி மேல நீங்களேவா?"

"உங்க பொண்ணு சொன்னதை என் காதால கேட்டேன். அதை நான் சொல்லாம வேற யாரு சொல்றது?"

மூவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். அன்று மாலையே போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனார்கள். போனில் எல்லாம் அப்படியே இருந்தது.

அடுத்து நடந்த கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் தலைவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்குப் பிள்ளைகளைவிட மன்றத்தின் பேர்ப்பலகை மேல் பாசம் அதிகம். "இதைக் கமுக்கமா முடிச்சிருக்கலாமேம்மா. வீட்டுக்குள்ள பேசித் தீர்த்திருக்கலாம். இப்ப மன்றத்தோட பேரு நாறுது" என்றார்.

"எந்த வீட்டுக்குள்ள சார்? என் வீட்டுக்குள்ளயா, அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ளயா?" என்று கேட்டார் பல்லக்கா. தலைவர் தண்ணீர் குடித்தார்.

அவருடைய வீட்டில்தான் அடி பலமாக விழுந்தது. "எனக்கு ஒரே பிள்ளைதான்" என்று சொல்லி அம்மா கதவைச் சாத்திவிட்டார். அந்த ஒரே பிள்ளை யார் என்று கேட்க வேண்டியதில்லை. பல்லக்கா இரண்டு பையோடு வந்து ஒரு சிறிய அறையில் குடியேறினார். சைக்கிளில் பெட்டி படுக்கையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தது நான்தான். தம்பியின் சின்ன வயதுப் படம் ஒன்றையும் சட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அதை மாட்டவும் இல்லை, எறியவும் இல்லை.

ஒரு நாள் மதியம் அவர் வேலை செய்யும் கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மேசை முழுக்க வாய்கள், யாருடையவோ. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னார்: "அவன் நல்லவன்னு எனக்கு இப்பவும் தோணுது. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஒரே ஒரு தடவை புத்தி தடுமாறிப்போச்சு, அவ்வளவுதான்னு நினைச்சுக்கறேன். அது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்கறேன்" என்றார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். இருக்கிற ஒரு பிடியையும் நான் ஏன் தட்டிவிட வேண்டும்?

மன்றத்தை நிறுத்தவில்லை. பிள்ளைகளிடம் பல்லக்கா, தான் இத்தனை நாள் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக நேராகவே சொன்னார். இனி வெளியாள் உள்ளாள் கிடையாது, யாராக இருந்தாலும் தனியாகக் கூட்டிப்போகக் கூடாது, ரகசியம் என்றால் உடனே சொல்ல வேண்டும் என்றார். ஒரு வாண்டு, "நீங்களுமா பல்லக்கா?" என்று கேட்டது. "நானும்தான். சைக்கிள் மாமாவும்தான்." என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சமாக இருந்தது. இருக்கட்டும் என்று நின்றேன். கிட்டார் வகுப்பு நடந்த அறையின் கதவைக் கழற்றிக் கொல்லையில் சாத்திவைத்ததும் அந்த வாரம்தான்.

சுருட்டை சில மாதம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடக ஒத்திகை முடிந்து நாங்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது படியேறி வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பல்லக்காவைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"உங்க அம்மா உங்ககூடப் பேசறாங்களா?"

பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "இல்லம்மா" என்றார்.

"என்னாலதானே?"

"உன்னால இல்ல. அவன் பண்ணினதால. நீ சொன்னதால எனக்குத் தெரிஞ்சுது. தெரியாமயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப்பாரு."

சுருட்டை தலையை ஆட்டினாள். போகவில்லை. ஒரு நாற்காலியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். "இன்னொரு தடவை சொன்னாலும் நம்புவீங்களா?"

"நம்புவேன்."

"எனக்கு முன்னாடி கிட்டார் கத்துக்கிட்ட ஒரு அக்கா இருந்தாங்க. பாதியில நின்னுட்டாங்க. அவங்களுக்கும் இப்படித்தான். அதுக்கும் முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்களாம்." குரலைத் தாழ்த்தினாள். "அந்த அக்கா கீழ நிக்கிறாங்க. நீங்க அவரோட அக்காங்கறதால மேல வரப் பயப்படறாங்க."

பல்லக்கா அடுக்கிவைத்த நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார். அடுக்கு முழுதும் ஆடியது. அவர் உதடு ஏதோ சொன்னது. தம்பியின் செல்லப்பெயர் என்று எனக்குக் கேட்டது. கண்ணைத் துடைக்கவில்லை, வழிந்தது வழிந்தபடியே இருந்தது.

பிறகு அடுக்கிலிருந்து நான்கு நாற்காலிகளை எடுத்து, கதவில்லாத அந்த அறையில் வரிசையாகப் போட்டார்.

"சைக்கிள்காரரே, நீங்களும் கூட உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைக் கூட்டி வரப் படியிறங்கினார்.